அரோகரா தெரபி

பட்டினப்பாக்கம்,
11.2.1997

அன்புள்ள மாப்பிள்ளை தணிகாசலம் அவர்களுக்கு மாமனார் சின்னப்பையன் ஆசீர்வாதம்.

‘எல்லோரும் நலம்’ என்று தொடங்கட்டுமா என்று ஷகீலா பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்கிறாள். பாதி நலம் என்று எழுதச் சொன்னேன். ஷகீலா யார் என்று கேட்பீர்கள். எதிர்வீட்டுத் தையல்காரரின் சம்சாரம். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். இதுவரை என் மகள் பவுனுதான் எழுதிக்கொடுத்தாள். இப்போது நாலு வரி எழுதினால் அவள் கை துவண்டு விழுகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல ஷகீலா எழுதுகிறாள். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் பிடித்துவிடுவேன். மஸ்கட்டில் நீங்கள் படிப்பது என் வாயிலிருந்து வந்ததுதான்.

உங்கள் மனைவியின் சங்கதிக்கு வருகிறேன். மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையோடு உங்கள் காசிமேட்டு வீட்டிலிருந்து இங்கே வந்தாள். காமாலை போய்விட்டது. கண் பழையபடி வெளுத்துவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்த இடத்தில் எல்லாம் ‘சரியாக இருக்கிறது’ என்று காகிதம் கொடுத்துவிட்டார்கள். காகிதம் சரியாக இருக்கிறது, என் மகள் சரியாக இல்லை. தலை வார உட்கார்ந்தால் பாதி வாரியதும் சீப்பைக் கீழே வைத்துவிடுகிறாள். ஒரு குடம் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை. ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாளே தவிர தூக்கம் இல்லை. மந்தைவெளி மார்க்கெட்டுக்கு மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறியவள் இவள்.

இந்தத் தெரு வாய் சும்மா இருக்குமா? “வேலைக்கு டிமிக்கி குட்த்துகினு படுத்துகினு கீறா” என்கிறது ஒன்று. “எவனோ சூனியம் வச்சுட்டான்” என்கிறது இன்னொன்று. மந்தைவெளியில் ஒரு லேடி டாக்டர்தான் உட்காரவைத்துப் பேசினார். “இது சோம்பேறித்தனம் இல்ல பெரியவரே. சில பேருக்குக் காய்ச்சல், காமாலை வந்துட்டுப் போனப்புறம் இந்தக் களைப்பு விடாம ஒட்டிக்கும். விரட்டி வேலை வாங்கினா இன்னும் மோசமாகும். இதுக்குன்னு மாத்திரை கிடையாது” என்றார். உடம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் ஆறுதலாக இருக்கும் என்று அடையாற்றில் ஒரு இடத்தைச் சொன்னார்.

காந்தி நகரில் ஸ்ரீரஞ்சனி என்று ஒரு அம்மா. சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவர் செய்வதற்கு அரோகரா தெரபி என்று பெயர். செவ்வாய்க்கிழமை தோறும் போகிறோம். சின்ன விளக்கு ஒன்றை ஏற்றி, அதன் மேல் கிண்ணத்தில் வாசனை எண்ணெய் வைக்கிறார்கள். வாசல் வரைக்கும் மணக்கிறது. உள்ளே பேசக்கூடாது, கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும், அப்புறம் எண்ணெய். ஆண்கள் போகக்கூடாது என்பதால் நான் வெளியே பாதாம் மரத்தடியில் வண்டியோடு நிற்கிறேன். அந்த அம்மாவுக்குச் சாமான் ஏற்றி இறக்க என் மீன்பாடி வண்டிதான். அதில் கணக்கு நேராகிவிடுகிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
சின்னப்பையன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)


மஸ்கட்,
24.2.1997

மரியாதைக்குரிய மாமாவுக்கு, தணிகாசலம் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் பாதி பாரம் இறங்கியது. டாக்டர்கள் கைவிட்ட இடத்தில் முருகன்தான் கை கொடுப்பான். எனக்கு இந்தப் பெயர் வைத்ததே திருத்தணிக்கு வேண்டிக்கொண்டுதான். செவ்வாய்க்கிழமை, விளக்கு, எண்ணெய், அரோகரா எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. பூஜையில் கண்ணைத் திறக்கக்கூடாது என்றால் பவுனு திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள், எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். என் பேரிலும் ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயம். தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அம்மாவுக்கு முட்டி வலி, எழுந்து நடமாட முடியவில்லை. வீட்டில் ஆள் இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள். சித்திரை பிறப்பதற்குள் பவுனுவைக் காசிமேட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். நாலு பேருக்குச் சமைத்துப் போட்டால் சுறுசுறுப்பு தானாக வரும். சும்மா கிடந்தால்தான் உடம்பு இன்னும் கனக்கும்.

இங்கே கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலைதான். வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் வண்டி மிதிக்க வேண்டுமா?

தங்கள் அன்புள்ள,
தணிகாசலம்


பட்டினப்பாக்கம்,
8.3.1997

அன்புள்ள மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

அர்ச்சனை செய்யச் சொன்னீர்கள். கபாலி கோயிலில் சிங்காரவேலர் சந்நிதியில் உங்கள் பெயர் சொல்லிச் செய்தாயிற்று. அதில் பாக்கி இல்லை.

காசிமேட்டுக்கு இப்போது அனுப்ப மாட்டேன். உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி என்றால் வருத்தம்தான். அதற்குத் தலை வாரக்கூடத் தெம்பில்லாத ஒருத்தியை அனுப்புவது என்ன நியாயம்? ஷகீலா இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, “கொஞ்சம் பதமா சொல்லுங்க மாமு” என்கிறாள். இதுதான் பதம்.

இனி நல்ல சங்கதி. போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது தெரியுமா? மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம். முதலில் எங்கேயோ மோட்டார் போடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் காது பிடித்தது. பவுனுவின் குறட்டை! எத்தனை மாதமாகிறது அந்தச் சத்தத்தைக் கேட்டு. அந்த அம்மா வெளியே வந்து, “மாமா, நன்னா தூங்கறா. எழுப்ப மனசு வரலை. கொஞ்சம் காத்துண்டிருங்கோ” என்றார். சாயங்காலம் வரைக்கும் வேண்டுமானாலும் காத்திருக்கிறேன் என்றேன்.

வியாதி போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவும் சொல்லவில்லை. “இது மருந்து இல்லை, ஒத்தாசை” என்றுதான் முதல் நாளே சொன்னார். ஆனால் செவ்வாயும் புதனும் என் மகள் தூங்குகிறாள். புதன்கிழமை தலை முழுக்க வாரி முடிந்துகொண்டாள்.

பஸ்ஸில் நிற்க அவளால் முடியாது. அதனால் வண்டியின் முன்பலகையில் பாயும் தலையணையும் போட்டுப் படுக்கவைத்து, மேலே குடையைக் கட்டி, நான் பின்னாலிருந்து மிதிக்கிறேன். திரு.வி.க. பாலம் ஏறும்போது மட்டும் இறங்கித் தள்ள வேண்டும். அன்றைக்குப் பாலத்தில் ஒரு ஆட்டோக்காரன் பக்கத்தில் வந்து, “இன்னா பெர்சு, பொணத்த இட்டுகினு எங்க போற?” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் குடைக்கு அடியிலிருந்து குரல் வருகிறது: “பொணம் பேசுது நைனா. ஓரமா ஓட்டு.” அவன் ஆட்டோ நடைபாதையில் ஏறாமல் போனது அவன் அதிர்ஷ்டம். அடையாறு போய்ச் சேரும் வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்புக்கே மறுநாள் களைத்துப்போனாள் என்பது வேறு.

இப்படிக்கு,
சின்னப்பையன்
(ரேகை)


மஸ்கட்,
20.3.1997

மாமாவுக்கு,

கரீமுல்லா லீவு முடிந்து வந்துவிட்டான். என் அறையில் இருப்பவன், மயிலாப்பூர்க்காரன், கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறியவன். காந்தி நகரில் பவுனுவை வண்டியிலிருந்து நீங்கள் கைத்தாங்கலாக இறக்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். வாசலில் இருந்த போர்டையும் பார்த்திருக்கிறான். ‘அரோமாதெரபி மசாஜ்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லார் எதிரிலும், “இன்னாடா, பவுனு தங்கச்சிய மசாஜுக்கு இட்டுகினு போறாரு உன் மாமனாரு?” என்று கேட்டான். சுற்றி இருந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

அரோகரா என்று எழுதினீர்கள். நான் கோயில் என்று நம்பினேன். அம்மா காசிமேடு முழுக்க மருமகளுக்கு முருகன் பூஜை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நான் என்ன சொல்வேன்? மசாஜ் பார்லர் என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? தி.நகரில் போலீஸ் வந்து பிடித்ததாகப் பேப்பரில் எத்தனை போடுகிறார்கள்? என் மனைவி முன்பின் தெரியாத ஒருத்தர் கையில் உடம்பைக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறாள், அப்பா வாசலில் காவல் நிற்கிறார். வெளியில் சொல்ல முடிகிற காரியமா இது?

முடிவாகச் சொல்கிறேன். சித்திரை பிறப்பதற்குள் பவுனு காசிமேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் அங்கேயே இருக்கட்டும். நம் உறவுக்கும் அரோகரா.

தணிகாசலம்


பட்டினப்பாக்கம்,
1.4.1997

தணிகாசலத்துக்கு.

(அண்ணா, மாமு ‘நீ’ என்றுதான் சொல்கிறார். நான் ‘நீங்கள்’ என்று மாற்றி எழுதிப் படித்தேன். “அது யாரு நீங்கள்? அடி அத” என்றார். அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். – ஷகீலா)

முதலில் பெயர். உன் கடிதம் வந்த பிறகு அந்த அம்மாவிடமே கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். “அரோகரா இல்லை மாமா, அரோமா. வாசனைன்னு அர்த்தம். பரவாயில்லை, அரோகரான்னே சொல்லுங்கோ, கேக்க நன்னாத்தான் இருக்கு” என்றார். என் காதில் விழுந்ததைச் சொன்னேன். ஷகீலா அது ஏதோ நம் சாமி சமாசாரம் என்று அப்படியே எழுதினாள். நீயும் அப்படியே கும்பிட்டாய். நான் இனியும் அரோகரா என்றுதான் சொல்வேன்.

அடுத்தது போர்டு. அதில் என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன? எனக்கு எல்லாப் போர்டும் ஒன்றுதான். படிக்கத் தெரிந்தவன் போர்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். எனக்கு அந்த வசதி இல்லை. யார் உள்ளே போகிறார்கள், எப்படி வெளியே வருகிறார்கள் என்று நின்று பார்த்துத்தான் ஒரு இடத்தை எடைபோடுவேன். அங்கே வருவது இடுப்பு பிடித்த டீச்சர், பிள்ளை பெற்ற பெண், தூக்கம் கெட்ட கிழவி. எல்லோரும் பெண்கள். அந்த அம்மாவும் பெண். கரீமுல்லா ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பதில் சொல். தலைதீபாவளி முடிந்து மறு வருஷம் சீர் எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. நீ கட்டிலில் நீலக் கட்டம் போட்ட லுங்கியோடு மல்லாந்து கிடந்தாய். பவுனு கால்மாட்டில் உட்கார்ந்து உன் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தவள், இடுப்பில் சொருகிய சேலையைக்கூட அவிழ்த்துவிடவில்லை. உள்ளேயிருந்து உன் அம்மா, “அவன் கால முட்ச்சிட்டு எனக்கு முட்டி உருவிவுடு” என்றார். உன் தங்கச்சி, “அண்ணி, அப்பால என் முதுகு” என்றாள். நான் அதிரசத் தூக்கோடு வாசலில் நிற்கிறேன். என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், எழுந்து வரவில்லை. உன் கால் மடியில் இருந்தது.

அது என்ன பார்லர்?

அவள் கை உங்கள் வீட்டில் எல்லார் உடம்பிலும் ஏறி இறங்கியது. அதற்கு நீங்கள் ஒரு பெயரும் வைக்கவில்லை. இன்றைக்கு ஒரு கை அவள் முதுகைத் தொட்டதும் பெயர் கிடைத்துவிட்டது, போலீஸ் வந்துவிட்டது, மானம் போய்விட்டது. எந்த ஊர் நியாயம் இது?

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் நீ உள்ளே போகும் முன் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? புதுச் சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. “மாமா, அவளப் பாத்துக்கோ” என்றாய். பார்த்துக்கொள்கிறேன். காசிமேட்டுக்கு அனுப்ப மாட்டேன். சித்திரைக்கும் அனுப்ப மாட்டேன், ஆடிக்கும் அனுப்ப மாட்டேன். அவள் கால் தானாக எழுந்து போகிறேன் என்று சொன்னால் போகட்டும். உறவுக்கு அரோகரா என்று எழுதினாய். அதற்குப் பயந்து என் வண்டி நிற்காது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் பாலம் ஏறும்.

கீழே பவுனு தானாக எழுதுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சின்னப்பையன்
(ரேகை)

பவுனு எழுதுவது. அப்பா சொன்னதைக் கேட்டேன். அவர் கோபம் அவருடையது. நான் நடிக்கவில்லை. அந்த அம்மா எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார்கள். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. நீங்களும். கை வலிக்கிறது, மிச்சம் நாளைக்கு.

மறுநாள். காசிமேட்டுக்கு வர மாட்டேன். உங்களைப் பிடிக்காமல் இல்லை. வந்தால் இங்கே வாருங்கள்.


பட்டினப்பாக்கம்,
17.4.1997

தணிகாசலத்துக்கு.

சித்திரை பிறந்துவிட்டது. பவுனு இங்கேதான் இருக்கிறாள். உனக்குச் சந்தேகம் இருக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி அவளே செய்தாள். உட்கார்ந்துகொண்டுதான் செய்தாள். வெல்லம் அதிகம்.

சின்னப்பையன்
(ரேகை)


மஸ்கட்,
19.5.1997

மாமாவுக்கு, தணிகாசலம் வணக்கம்.

இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன், கிழித்தேன். முதலில் கோபத்தில். அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாமல்.

இங்கே வெயில் உச்சத்தில் இருக்கிறது. இரும்புத் தகட்டுக்குள் குனிந்து வேலை செய்து, அறைக்கு வந்தால் முதுகு பலகையாகிவிடுகிறது. கரீமுல்லா தைலம் வைத்திருக்கிறான். ஒரு நாள் அவன் எனக்குத் தேய்ப்பான், ஒரு நாள் நான் அவனுக்கு. போன வாரம் அவன் என் தோளை அழுத்திக்கொண்டிருக்கும்போது உங்கள் கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது. “இதுக்கு இன்னாடா பேரு?” என்று கேட்டேன். “பேரு இன்னா பேரு? வலிக்குதுன்ன, தேய்க்கறேன். சும்மா படு” என்றான். சும்மா படுத்தேன். தூக்கம் வரவில்லை.

அவள் குறட்டை விட்டாள் என்று எழுதினீர்கள். கல்யாணமான புதிதில் அந்தக் குறட்டையைப் பற்றி உங்களிடமே குறை சொன்னேன். நீங்கள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மறந்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

ஆனி மாதம் லீவு கிடைத்திருக்கிறது. தங்கச்சிக்குப் பிரசவம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஒத்தாசையாக வேலைக்கு ஒரு அம்மாளை வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதிவிட்டேன். வேறெதுவும் இன்னும் சொல்லவில்லை. விமானத்திலிருந்து நேராகப் பட்டினப்பாக்கம் வருகிறேன்.

ஆனால் ஒன்று மாமா. அந்த இடத்தை நான் என் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்க்காமல் சரி என்று சொல்ல என்னால் முடியாது.

பவுனுவுக்குத் தனியாக நாலு வரி வைத்திருக்கிறேன். ஷகீலா படிக்க வேண்டாம்.

தணிகாசலம்


பட்டினப்பாக்கம்,
30.5.1997

மாப்பிள்ளை தணிகாசலத்துக்கு, மாமா சின்னப்பையன்.

நாலு வரியைப் பவுனு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஷகீலா படிக்கவில்லை. படிக்கக் கிடைக்கவில்லையே என்று முகம் தொங்கிப்போய் இருக்கிறது. அதையும் எழுதச் சொன்னேன், எழுதிவிட்டாள்.

பவுனு எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். நல்ல நாள் இருக்கிறது, கெட்ட நாள் இருக்கிறது. முந்தாநாள் படியிறங்கிக் கடற்கரை வரைக்கும் நடந்தாள். நேற்று எழுந்திருக்கவே இல்லை. நீ வருகிற நாள் எந்த நாளாக இருக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் படுத்தபடி உன்னைப் பார்த்தால் அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. ராத்திரி குறட்டை விட்டால் புண்ணியம் என்று நினைத்துக்கொள்.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாய். பார். உன்னைத் தடுக்க மாட்டேன், உன் அனுமதியையும் கேட்க மாட்டேன். நீ சரி என்றாலும் போவோம், இல்லை என்றாலும் போவோம். போர்டு வாசலிலேயே இருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். உள்ளே உன்னை விடமாட்டார்கள். என்னையே விடுவதில்லை. பாதாம் மரத்தடியில் இரண்டு பேருக்கு நிழல் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

வழியில் எவனாவது ஏதாவது கேட்பான். அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பவுனு பார்த்துக்கொள்வாள். நீ வாயைத் திறக்காதே.

நீ வந்த பிறகு வருகிற முதல் செவ்வாய்க்கிழமைக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். முன்பலகையில் பவுனு படுத்துக்கொள்வாள். தலைமாட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்துகொள்வேன். பாலம் ஏறும்போது இறங்கித் தள்ள வேண்டும், இடது பெடல் கொஞ்சம் வழுக்கும்.

மிதிப்பது நீ.

சின்னப்பையன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)